முன்சக்கரத்துப் பச்சை விளக்கு

கொல்லங்கோட்டிலிருந்து கொச்சிக்குப் போகிற மனிதர் மேற்கே பார்த்துப் புறப்படுவதுதான் உலக வழக்கம். பொங்கியண்ணன் கிழக்கே பார்த்துப் புறப்பட்டார். வாளையாரைத் தாண்டிக் கோயமுத்தூர் போய், அங்கே விமானம் ஏறி, தன் வீட்டு ஓட்டுக்கூரைக்கு மேலேயே பறந்து கொச்சியில் இறங்குவதாக ஏற்பாடு.

போன வாரக் கதையில் வாளையார் செக்போஸ்ட்டில் அவரை விட்டுவிட்டு வந்தோம். கூடையைத் திறக்கச் சொன்ன காவலரிடம், "ஏழு மாசம் முழுகாம இருக்கற புள்ளைக்குக் கொண்டுபோற கட்டுச்சோத்துல அரிசி கடத்தறமாக்கும்? மோந்து பாரு, புளிச்சோறு!" என்று கூடையை அவர் மூக்கிலேயே இடித்தார் அல்லவா? அந்தக் காவலர் இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறாராம்.

கொச்சியில் புருஷன் வீட்டில் இருக்கும் மகள் கமலாத்தாளுக்கு ஏழாம் மாதம். கட்டுச்சோறு கொடுத்து, விருந்து முடித்து, பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். ஊரெல்லாம் செய்கிற சடங்குதான். ஆனால் பொங்கியண்ணன் அதற்குள் ஒரு கொக்கி வைத்திருந்தார். வருகிற பெண் திரும்பிப் போக மாட்டாள். புருஷன் வேண்டுமானால் வானத்து வேலையை விட்டுவிட்டு வந்து, மாமனாரின் நெல்வயலையும் கடலைக்காட்டையும் பார்த்துக்கொண்டு பெண்டாட்டியோடு இருக்கலாம்.

புருஷன் வேறு யாருமல்ல, அவருடைய சொந்த அக்கா மகன் நஞ்சப்பன். விமானத்தில் இரண்டாம் விமானி. அடுத்த மாதம் கேப்டன் ஆகப்போகிறான். இன்றைக்கு மாமனாரையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு போகும் விமானமே அவன் ஓட்டுகிற விமானம்தான். பார்த்தாலாவது மாமனுக்குப் பெருமை வரட்டும் என்று ஒரு நப்பாசை, பாவம்.

பொங்கியண்ணனுக்குப் பெருமை அவ்வளவு சுலபத்தில் வராது. அவருடைய இகழ்ச்சிக்கு ஆளாகாதவர் என்று கொல்லங்கோட்டில் ஒரு பிள்ளையார் சிலையைக்கூடக் காட்ட முடியாது. அதற்கும் தும்பிக்கை கோணல் என்பார்.

"லாரி ஓட்டறவனாச்சும் பொழுதுக்கு ஊடு வந்து சேருவான்" என்று விமான நிலையத்தின் நடுக்கூடத்தில் நின்று, காவல்காரர் முதல் காக்கை வரை கேட்கும்படி சொன்னார். "இவன் மூணு கால் லாரிய ஆகாசத்துல ஓட்டறான். அதுக்கு ஒரு தொப்பி வேற."

மனைவி மருதாத்தாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கூடைக்குள் கையை விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, பத்து எலுமிச்சம்பழம் வெச்சேனுங்க. ஏழுதான் இருக்குது."

"சமையலுக்கு வந்த ராசம்மா எடுத்திருப்பா."

"ராசம்மா சோறு கட்டறதுக்கு முன்னாடியே போயிட்டாளுங்களே?"

"அப்பச் செக்போஸ்ட்டுக்காரன் எடுத்திருப்பான். மோந்து பாக்கறவன் திங்க மாட்டானாக்கும்? பேசாம வா."

மருதாத்தாள் பேசாமல் வந்தாள். ஆனால் கணக்கை மறக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

வெளியே வெயிலில் விமானம் நின்றது. இறக்கைக்கு ஒன்றாக, காற்றை வெட்டும் விசிறிபோல இரண்டு பங்கா. அந்தக் காலத்துப் பயணிகள் பொடிநடையாகவே போய் ஏணியில் ஏற வேண்டும். நஞ்சப்பன் கையில் டார்ச்சோடு விமானத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தான். ஒவ்வொரு சக்கரக்காலிடமும் குனிந்து பார்த்தான், தொட்டுப் பார்த்தான். பிறகு ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே ஏறினான்.

"செனை மாடு வாங்கறவனாட்ட எத்தனை சுத்து!" என்றார் பொங்கியண்ணன். "மருதாத்தா, நீ முன்னால ஏறு. நான் வாறேன்."

அப்போதுதான் அவருடைய தோள்துண்டு கீழே விழுந்தது. விமானத்தின் மூக்குக்குக் கீழே விழுந்தது. குனிந்து, வெகுநேரம் எடுத்தார். நாலடி நடந்ததும் மறுபடி விழுந்தது, இடது இறக்கையின் அடியில். அதையும் எடுத்து நிமிர்ந்து சுற்றிக்கொண்டு வந்தால், துண்டுக்கு என்ன கேடோ, வலது இறக்கையின் அடியிலும் விழுந்தது.

ஏணியடியில் நின்ற விமான நிலையச் சிப்பந்தி காளிச்சாமி இதைப் பார்த்தார். வயதான குடியானவர் ஒருவர் வண்டிச் சக்கரத்தின் மறைவில் குந்தினால் அது எதற்கென்று காளிச்சாமிக்குத் தெரியும். நாகரிகமான மனிதர். முகத்தை வேறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

விமானம் ஓடியது, எழும்பியது. பொங்கியண்ணன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தூங்குவதாக எல்லோரையும் நம்பவைத்தார். நாற்காலியின் கைப்பிடியில் அவருடைய பத்து விரலும் பதிந்த தடம் கம்பெனி அந்த விமானத்தை விற்கிறவரை இருந்ததாம்.

முன்னறையில் கேப்டன் ஈப்பன் சக்கரங்களை உள்ளே இழுக்கச் சொன்னார். நஞ்சப்பன் பிடியைத் தூக்கினான். சக்கரக்கால்கள் மடங்கி உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டால் மூன்று சிவப்பு விளக்கும் அணைய வேண்டும். இரண்டு அணைந்தன. முன்சக்கரத்து விளக்கு அணையவில்லை.

"சார், முன்கால் பூட்டிக்கலைங்க."

"ம்" என்றார் ஈப்பன். கோட்டயத்துக்காரர். வீடு பற்றி எரிந்தாலும் சாயாவை ஆற்றிக் குடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். "கை வெக்கண்டா. முதல்ல மேலே போகலாம். விளக்கு ஓடிப்போகாது."

நாலாயிரம் அடி ஏறி விமானத்தை நேராக்கிய பிறகுதான் புத்தகத்தைத் திறந்தார்கள். நஞ்சப்பன் உரக்கப் படித்தான், ஈப்பன் செய்தார். பிடியைக் கீழே இறக்கினார்கள். கால் இறங்கிப் பூட்டிக்கொண்டால் பச்சை விளக்கு எரிய வேண்டும். இரண்டு எரிந்தன. மூன்றாவது, முன்சக்கரத்து விளக்கு, இருட்டாகவே இருந்தது. நஞ்சப்பன் அந்த பல்பைக் கழற்றி, எரிகிற பல்பை அதன் இடத்தில் மாட்டினான். அப்போதும் இருட்டு. பல்பில் கோளாறு இல்லை.

"அப்ப ரெண்டிலொண்ணு" என்றார் ஈப்பன். "கால் பூட்டியிருக்கு, விளக்கு பொய் சொல்லுது. அல்லெங்கில் கால் பூட்டலை, விளக்கு உண்மை சொல்லுது."

விளக்கு உண்மை சொன்னால், தரையைத் தொட்டதும் முன்கால் மடங்கும். மூக்கு தார்ரோட்டில் உராய்ந்துகொண்டு போகும். தீப்பொறி பறக்கும். இறக்கை நிறைய எண்ணெய் இருக்கிறது. ஆகவே முதலில் எண்ணெயைப் பறந்தே தீர்க்க வேண்டும். கோயமுத்தூருக்குச் சொல்லிவிட்டு, பாலக்காட்டுக் கணவாயின்மேல் செக்கு மாட்டைப்போல் சுற்றத் தொடங்கினார்கள்.

மூன்றாவது சுற்றில் பொங்கியண்ணன் கண்ணைத் திறந்தார். கீழே தென்மலை, அதன் அருவி, கரும்பனைகள், பிறகு தன்னுடைய வயல். ஜன்னலில் மூக்கு நசுங்கப் பார்த்தவர் ஒரே கத்தாகக் கத்தினார்.

"அடே குப்பண்ணா! வரப்பத் தள்ளிப் போட்டிருக்கறயா? மேல இருந்து ஒருத்தன் பாக்க மாட்டான்னு நெனைச்சயாடா?"

பங்காளி குப்பண்ணன் நாலாயிரம் அடிக்குக் கீழே வரப்பில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, குற்றமுள்ள மனிதனின் நடையில் வீட்டுக்குப் போனார் என்று பொங்கியண்ணன் இன்றைக்கும் சத்தியம் செய்கிறார்.

அப்போது முன்னறைக் கதவு திறந்தது. நஞ்சப்பன் தொப்பியில்லாமல் வந்து நின்றான்.

"யாரும் பயப்பட வேண்டாமுங்க. முன்சக்கரம் சரியா இறங்கிருச்சான்னு எங்களுக்குத் தெரியலை. எண்ணெய் கொறையறவரைக்கும் இப்படியே சுத்திப்போட்டு, கோயமுத்தூருக்கே திரும்பி எறங்கப்போறோம். முன்னாடி அஞ்சு வரிசைக்காரங்க எல்லாரும் பின்னாடி போயிருங்க. மூக்குப்பக்கம் பாரம் கொறையோணும்."

பொங்கியண்ணன் முகத்தில் மீசை மட்டும் தனியாக நின்றது. மற்றதெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"முன்சக்கரமா?" என்றார். அவ்வளவு சின்னக் குரலை மருதாத்தாள் முப்பது வருஷத்தில் கேட்டதில்லை.

"ஆமாங்க மாமா."

"மத்த ரெண்டும்?"

"அது ரெண்டும் சுத்தமா இருக்குதுங்க."

பொங்கியண்ணன் வாயைத் திறந்தார். வாசகர்களே, அந்த வாய் திறந்தபடி எவ்வளவு நேரம் இருந்தது தெரியுமா? ஒரு குருவி உள்ளே போய்க் கூடு கட்டி முட்டையிடலாம், அவ்வளவு நேரம். அதிலிருந்து ஒரே ஒரு உண்மை வந்திருந்தால், முன்னறையில் இரண்டு பேர் வியர்த்திருக்க வேண்டியதில்லை. 'பயந்துபோய் முன்காலில் எலுமிச்சம்பழம் கட்டினேன்' என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? புது வண்டி வாங்கினால் சக்கரத்தடியில் பழம் வைத்து நசுக்குகிறோம். இது பறக்கிற வண்டி, பழம் நசுங்காமல் தங்குவதற்குக் காலிலேயே கட்டிவிட்டார் மகாபுத்திசாலி. ஆனால் பயந்தேன் என்ற சொல் பொங்கியண்ணனின் அகராதியில் அடுத்தவர்களுக்கு மட்டும் உரியது.

வாயை மூடிக்கொண்டார். மூடியதுமே வழக்கமான குரல் திரும்பிவிட்டது.

"நான் பின்னாடியெல்லாம் ஒக்கார மாட்டேன். கொல்லங்கோட்டுல எவன் பந்தியிலயும் எனக்கு மொத எலைதான்."

"எந்திரிங்க" என்றாள் மருதாத்தாள். "மூக்கு பாரமாகுதாமா. உங்க மீசையே கால் மணு கனம் இருக்கும்."

கடைசி வரிசைக்குப் போனார்கள். இறங்கும்போது தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொள்ளச் சொன்னான் நஞ்சப்பன். "எவனுக்கும் தலை குனிஞ்சு எனக்குப் பழக்கமில்லை" என்றார் மாமனார். மாப்பிள்ளை முன்னறைக்குத் திரும்பினான். அவன் போனதும், அந்த விமானத்திலேயே அதிகமாகக் குனிந்த தலை அவருடையதுதான்.

இறங்குவதற்கு முன்னால் ஒருமுறை விமான நிலையக் கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்து காட்டினார்கள். கீழே இருந்து தொலைநோக்கியில் பார்த்தவர் ரேடியோவில் சொன்னார்: "கால் நேராத்தான் தெரியுது. பூட்டியிருக்கான்னு சொல்ல முடியாது. ஆனா மஞ்சளா என்னமோ தொங்குது. குருவியா?"

"மஞ்சளா குருவியோ?" என்றார் ஈப்பன். "நஞ்சப்பா, வேகம் மட்டும் சொல்லிக்கொண்டிரு."

நஞ்சப்பன் சொன்னான். நூறு. தொண்ணூற்றைந்து. பின்சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஈப்பன் மூக்கை இறங்கவிடாமல் தூக்கியே பிடித்திருந்தார், தூங்குகிற குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல. எண்பது. எழுபது. இன்ஜின் இரண்டையும் நிறுத்தினார்கள். அறுபது. இனிமேல் தூக்கிப்பிடிக்க முடியாது. மூக்கு தானாகவே இறங்கியது, இறங்கியது, சக்கரம் தரையைத் தொட்டது.

மடங்கவில்லை.

விமானம், ஓரத்து மணலில் நின்ற தீயணைப்பு வண்டிக்குப் பக்கத்தில் சமர்த்தாக நின்றது. "சாயா வேணும்" என்றார் ஈப்பன்.

ஒரு மணி நேரம் கழித்து நிலைய அதிகாரியின் அறை. மேஜையின் மேல் ஒரு எலுமிச்சம்பழம், கற்றாழை நார்க்கயிற்றில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுண்டு கிடந்தது. மெக்கானிக்குகள் கண்டுபிடித்துவிட்டார்கள். முன்காலை ஒட்டி விரல் அளவில் ஒரு ஸ்விட்ச் உண்டு. அதில் கயிறு சிக்கி விளக்கைக் கெடுத்திருக்கிறது. காலில் ஒரு குறையும் இல்லை. கயிற்றை அறுத்து எடுத்ததும் மூன்று விளக்கும் எரிந்தன. மெட்ராஸ் விமானத்தில் ஏற்கெனவே வந்திருந்த வேறு இரண்டு விமானிகள் அதே விமானத்தை அதே பயணிகளோடு கொச்சிக்குக் கொண்டுபோகிறார்கள். விமானியின் குடும்பம் என்பதால் பொங்கியண்ணனும் மருதாத்தாளும் மட்டும் இங்கே.

அதிகாரிக்கு வழுக்கைத் தலை, அதைவிட வழுக்கையான மனசு.

"ஏறுவதற்கு முன்னால சுத்திப் பாத்ததா கையெழுத்துப் போட்டிருக்கீங்க, மிஸ்டர் நஞ்சப்பன்."

"பாத்தேனுங்க சார். ஒண்ணுமே இல்லை."

"அப்ப ஆகாசத்துல எலுமிச்ச மரம் வளருதா?"

"அவன் நோக்கிட்டுண்டு, சார். நான் என் கண்ணால கண்டேன்" என்றார் ஈப்பன்.

"நீங்க சாயா குடிங்க, கேப்டன்." அதிகாரி தாளை எடுத்தார். "பார்க்காமலே பார்த்ததா எழுதின ஆள். விசாரணை முடியறவரைக்கும் பறக்கக் கூடாது. முடிஞ்ச பிறகும் பறக்கறதுக்கு நான் உத்தரவாதம் இல்லை. கேப்டன் பட்டையையெல்லாம் மறந்துட்டு, ஊர்ல நெலம் இருந்தா உழப் போங்க."

நஞ்சப்பன் நின்ற இடத்திலேயே நின்றான். ஆகாயத்தில் அசையாத முகம் இங்கே அசைந்தது. சின்ன வயதில் தென்மலைப் பக்கம் போகிற விமானத்தைப் பார்த்தபடி ஓடி, கிணற்றுமேட்டில் விழுந்து முன்பல் உடைந்த பையன் அவன். அந்தப் பல்லை நாக்கால் தொட்டுக்கொண்டான்.

பொங்கியண்ணனுக்கோ காதில் பாயசம் ஊற்றியதுபோல் இருந்தது. ஊர்ல நிலம் இருந்தால் உழப் போங்க! இதைத்தானே இரண்டு வருஷமாகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறார்? இப்போது ஒரு அதிகாரியே சொல்கிறார். தான் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. சும்மா இருக்க வேண்டும். சும்மா இருந்தால் மாப்பிள்ளை ஊருக்கு வருவான், மகள் வீட்டோடு இருப்பாள், பேரன் கடலைக்காட்டில் தவழ்வான்.

"நாந்தான் அன்னைக்கே சொன்னனே, மாப்ள" என்றார் கருணை சொட்டச் சொட்ட. "டிரைவர் வேலைக்கும் ஒரு கொடுப்பினை வேணும்."

"இந்தக் கயிறு அவிழவே மாட்டேங்குது" என்று சிடுசிடுத்தார் அதிகாரி, பேனா முனையால் முடிச்சைக் குத்தியபடி. "மெக்கானிக் மூணு பேர் பாத்துட்டாங்க. கத்தியாலதான் அறுத்தாங்க."

மருதாத்தாள் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மேஜையிடம் வந்தாள். பழத்தைக் கையில் எடுத்து, முடிச்சுக்குள் மடிந்திருந்த ஒரு நுனியைச் சுண்டுவிரலால் நெம்பி, ஒரே இழுப்பு.

கயிறு நீளமாக அவள் கையில் தொங்கியது. பழம் உருண்டு அதிகாரியின் மைக்கூட்டில் முட்டி நின்றது.

"எப்படிம்மா?" என்றார் அதிகாரி.

"இது பூட்டாங்கயித்து முடிச்சுங்க. ஏர்ல காளையப் பூட்டறப்ப நொகத்தடியில போடறது. மாடு இழுத்தா இறுகும், ஆளு இழுத்தா அவுரும்." அவள் அதிகாரியிடம் பேசினாள், ஆனால் பார்த்தது வேறு பக்கம். "எங்கூர்ல எல்லாரும் நுனிய வலப்பக்கம் மடிப்பாங்க. இடப்பக்கம் மடிக்கறவரு ஒருத்தருதானுங்க."

பொங்கியண்ணன் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் மிகுந்த அக்கறை காட்டினார். நல்ல நேரம், ராகுகாலம் இரண்டையும் படித்தார். சூலம் எந்தப் பக்கம் என்றும் பார்த்துக்கொண்டார்.

"ஏனுங்க" என்றாள் மருதாத்தாள்.

"என்ன ஏனுங்க? எடக்கைக்காரன் ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பான்."

நஞ்சப்பன் மாமனைப் பார்த்தான். கயிற்றைப் பார்த்தான். மறுபடி மாமனைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை சொன்னால் அவன் வேலை பிழைக்கும், மாமனின் மானம் போகும். மேஜையிடம் வந்தான்.

"கையெழுத்து எங்கீங்க சார் போடறது?" என்றான் அதிகாரியிடம்.

'இளிச்சவாயன்' என்று மனசுக்குள் இகழ்ந்தார் பொங்கியண்ணன். அதிகாரி பேனாவை நீட்டினார். நஞ்சப்பன் வாங்கினான். பேனா தாளைத் தொட்டது.

அந்த நேரத்தில் வெளியே ஒரு பங்கா சுழலும் சத்தம் கேட்டது. பிறகு இரண்டாவது.

"என்ன சத்தம்?" என்றார் பொங்கியண்ணன்.

"உங்க விமானம்தான். கொச்சிக்குப் புறப்படுது. நாப்பது பேர்" என்றார் அதிகாரி.

பொங்கியண்ணன் மேஜையைப் பார்த்தார். அங்கே ஒரு பழம் இருந்தது. மேஜையின் அடியில் பார்த்தார். மெக்கானிக் கதவோரம் நின்றான், அவன் கைகளைப் பார்த்தார். வெறுங்கை.

"இது ஒண்ணுதான் எடுத்தீங்களா?"

"முன்கால்ல ஒண்ணுதானே இருந்துது?" என்றான் மெக்கானிக்.

"மத்த ரெண்டு கால்ல பாக்கலையா?"

"அதுல எதுக்குப் பாக்கணும்? அந்த விளக்கு ரெண்டும் எரிஞ்சுதே?"

சும்மா இருந்தால் எல்லாம் கிடைக்கும். சும்மா இருக்கத்தான் முயன்றார். மீசை துடித்தது, கழுத்து சிவந்தது, காலண்டர் உதவவில்லை. வெளியே சத்தம் நகரத் தொடங்கியது. ஒரு காலில் சிக்கியது மற்ற காலில் சிக்காதா? கூடவே பெரிய அவமானம் ஒன்றும் அவர் முன்னால் வந்து நின்றது. பொங்கியண்ணன் ஒற்றைப் பழத்தோடு கஞ்சத்தனம் பண்ணியதாக அல்லவா இந்த வழுக்கைத்தலை எழுதிவைக்கப் போகிறான்!

மேஜையில் ஓங்கி ஒரு குத்து. மைக்கூடு துள்ளியது.

"மூணு கால் வண்டிக்கு ஒத்தப் பழம் கட்டறவனாட்டமாடா என்னைப் பாத்தாத் தெரியுது? இன்னும் ரெண்டு தொங்குதுடா! கட்டுனவன் நான் சொல்லறேன்! நிறுத்துங்கடா அந்தக் கெரகத்த!"

"பத்துக்கு ஏழு" என்றாள் மருதாத்தாள், கணக்கு நேரானவளின் அமைதியோடு.

அதிகாரி தொலைபேசியைப் பாய்ந்து எடுத்தார். கோபுரத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. ஈப்பனின் சாயா முதல்முறையாக முழுசாகக் கொட்டியது. நஞ்சப்பன் அறையில் இல்லை. ஜன்னல் வழியே குதித்து, தொப்பியைக் கையில் வைத்து வீசிக்கொண்டு, ஓடுதளத்தை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். தூரத்தில் விமானம் கடைசி முனைக்குப் போய், மெதுவாகத் திரும்பி, இரண்டு பங்காவையும் முழுவேகத்தில் முடுக்கியது.

பொங்கியண்ணன் வாசல்பக்கம் நழுவினார்.

மருதாத்தாள் அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்காரவைத்தாள். கையிலிருந்த நார்க்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நாற்காலியின் காலோடு சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டாள். ஒரே இழுப்பில் அவிழ்கிற முடிச்சல்ல அது.